அப்பகுதியில் பரபரப்பு

விடிந்தும் விடியாத நேரம். கட்டைப் பிரித்து பேப்பர்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். மச்சான் வந்து நின்றார்.

மச்சான் என்றால் என் மனைவி ராஜேஸ்வரியின் அண்ணன். பெயர் பெருமாள். சேவுகம்பட்டிப் பக்கம் கண்மாய்க்கரையில் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிறார். அந்த நேரத்தில் பூ எடுத்துக்கொண்டிருக்க வேண்டிய மனிதர். சித்தையன்கோட்டையில் இருக்கும் என் கடைக்கு அதுவரை வந்ததில்லை. ஓசிப் பேப்பர்கூடக் கேட்டதில்லை.

மேலே கிடந்த பேப்பரை எடுத்தார். நாலாம் பக்கத்தைத் திருப்பினார். அவர் கையில் பூ வாசம். பேப்பரில் மை வாசம். இரண்டும் சேர்ந்து ஒரு மாதிரி இருந்தது.

"மாப்ள, நான் அச்சத்துல இருக்கேனா?"

"என்ன மச்சான்?"

"போட்ருக்கே. 'தோட்டத்தின் உரிமையாளர் கடும் அச்சத்தில் உள்ளார்.' கண்மாய்க்கரையில நீல வெளிச்சம் எரியிற தோட்டம் ஒண்ணே ஒண்ணுதான். அது என்னுது. அதான் கேக்குறேன். நான் அச்சத்துலயா இருக்கேன்?"

எனக்குப் பேச்சு வரவில்லை. பொதுவாகவே வராது.

"வந்து பாத்தியா?"

"இல்ல."

"போன் போட்டியா?"

"இல்ல."

"பின்ன எனக்கு அச்சம்னு யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. அந்த மாதிரி செய்திக்கு அந்த வரி வரும். அதனால் எழுதினேன். இதை அவரிடம் எப்படிச் சொல்வது?

மச்சான் பேப்பரை மடித்தார். எடுத்த இடத்திலேயே வைத்தார். "பரபரப்புன்னு வேற போட்ருக்க. நேத்து சாயந்தரம் அங்க நானும் ஒரு நாயும்தான் இருந்தோம். நாய் தூங்கிக்கிட்டிருந்துச்சு" என்றார். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒரு வாசகரின் கேள்வி

போன வாரம் இந்தத் தொடரில், சைக்கிளை விட்டு மொபெட்டுக்கு மாறிய கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். பாராட்டெல்லாம் இல்லை. ஒரே கேள்வி. "உங்களைப் போன்றவர்கள் எழுதும் எல்லாச் செய்தியிலும் அப்பகுதியில் பரபரப்பு ஏற்படுகிறதே, அப்படியென்றால் என்ன?"

நியாயமான கேள்வி. அந்த வார்த்தையை நான் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. என் பெயரைக்கூட அத்தனை முறை எழுதியிருக்க மாட்டேன்.

வீட்டில் அந்த வார்த்தைக்குப் பொருள் இருக்கிறது. அடுப்பில் பால் பொங்கும்போது, பஸ் வந்துவிட்டபோது, ராஜேஸ்வரி பரபரவென்று இருப்பாள். அது கண்ணுக்குத் தெரியும். பேப்பரில் வரும் பரபரப்பு அப்படி இல்லை. அதை நான் நேரில் பார்த்ததில்லை. மச்சான் வந்து நின்ற அந்த வாரம் வரைக்கும்.

எட்டாவது படித்த நிருபர்

நான் நிருபர் ஆனது படித்து இல்லை. எட்டாவதோடு நிறுத்திவிட்டேன். பேப்பர் ஏஜென்ட்டாகத்தான் இருந்தேன். எங்கள் பக்கத்துச் சிற்றூர்களில் ஏஜென்ட்தான் நிருபர். பேப்பர் போடுகிறவனுக்கு எல்லா வீடும் தெரியும், அவனே செய்தியும் அனுப்பட்டும் என்று ஆபீஸில் நினைப்பார்கள். பகுதிநேர நிருபர் என்று ஓர் அட்டை கொடுத்தார்கள். அட்டையில் என் போட்டோ பயந்த மாதிரி இருக்கும்.

எழுத யாரும் சொல்லித்தரவில்லை. பழைய பேப்பரைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். ஒரு செய்திக்குத் தலை எது, வால் எது என்று தெரிந்துவிட்டால் போதும். நடுவில் பெயரும் ஊரும் மாறும். வால் மாறாது.

வால்கள் சில இருக்கின்றன. பைக் திருட்டு என்றால் "பரபரப்பு". வெட்டுக்குத்து என்றால் "பெரும் பரபரப்பு". சிறுத்தை, பாம்பு, மலைத்தேனீ என்றால் முதலில் "பீதி", பிறகு பரபரப்பு. கிணற்றில் யாராவது விழுந்து செத்தால் "சோகம்". கட்சிக்காரர்கள் மேடையில் அடித்துக்கொண்டால் "சலசலப்பு". அவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டாலும் சலசலப்புதான்.

இந்த வரிகளை எல்லாம் என் போனில் எழுதி வைத்திருந்தேன். செய்தியைத் தட்டிவிட்டு, கடைசியில் பொருத்தமான வாலை எடுத்து ஒட்டிவிடுவேன். வேலை சுலபம்.

ஒரு தடவை ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாச் செய்தி அனுப்பினேன். வண்டியில் போகிற அவசரத்தில் விரல் தப்பி ஒட்டிவிட்டேன். மறுநாள் பேப்பரில் இப்படி வந்தது. "ஐந்தாம் வகுப்பு மாணவிகள் கும்மி அடித்தனர். இதனால் அப்பகுதியில் பெரும் பரபரப்பு ஏற்பட்டது."

தலைமையாசிரியை போன் போட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். "சார், பத்து காப்பி எடுத்து வைங்க" என்றார். அவ்வளவுதான்.

ஆபீஸில் ஒருவர்கூட அதைக் கவனிக்கவில்லை. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். அந்த வரியை யாரும் படிப்பதில்லை. எழுதுகிற நானும் படிப்பதில்லை.

நீல வெளிச்சம்

கண்மாய்க்கரைச் செய்தி எனக்கு வந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பால் வண்டி ஓட்டுகிற ஒருவர் போன் பண்ணினார். "அண்ணே, பொழுது சாயிற நேரம் வாரேன், கண்மாய்க்கரைத் தோட்டத்துல ஒரு நீல வெளிச்சம் நிக்குது. அசையவே இல்ல" என்றார். வெளிச்சம் எதற்கு அசைய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவர் வண்டியை நிறுத்திப் பார்த்தாரா என்றும் கேட்கவில்லை.

கண்மாய்க்கரையில் இருபது தோட்டம் இருக்கும். மச்சானுடையதாக இருக்கும் என்று தோன்றவில்லை. அன்றைக்கு எனக்கு இடுப்பு வலி. உட்கார்ந்த இடத்திலேயே தட்டினேன். "மர்ம நீல ஒளி." "பொதுமக்கள் பீதி." "உரிமையாளர் கடும் அச்சம்." வாலில் பரபரப்பு. முடிந்தது.

மர்மம் ஒன்றும் இல்லை. அது பூச்சி விளக்கு. மூன்று குச்சி நட்டு, நடுவில் ஒரு பல்பு. அடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர், மேலே கொஞ்சம் மண்ணெண்ணெய். வெளிச்சத்துக்கு வரும் அந்துப்பூச்சி டப்பில் விழுந்து சாகும். அந்து செத்தால் முட்டை இல்லை. முட்டை இல்லை என்றால் மொட்டுப்புழு இல்லை. மச்சானே செய்தது. பல்பு மட்டும் கல்யாண மேடைக்கு அலங்காரம் பண்ணுகிற கடையில் வாங்கியது. கடையில் நீலம்தான் இருந்திருக்கிறது.

மருந்து அடித்திருந்தால் இந்த விளக்கே தேவைப்பட்டிருக்காது. அடிக்காததற்குக் காரணம் காதர் பாய்.

காதர் பாய் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருப்பவர். மச்சான் மழையில்லாமல் தோட்டத்தையே அழிக்க இருந்த வருஷத்தில், "செடியப் பிடுங்காதீக பெருமாளு, ஒரு வருஷம் பொறுங்க" என்று சொல்லித் தைரியம் கொடுத்தவர். அவர் மகளுக்கு நிக்காஹ். அந்தப் பெண்ணுக்கு மருந்து வாடை பட்டால் மூச்சுத் திணறும். பாய் கேட்டது ஒன்றுதான். மருந்து அடிக்காத பூ. மாலைக்கும் தலைக்கும் மொத்தமும் உங்கள் தோட்டத்திலிருந்தே வரட்டும் என்றிருக்கிறார். மச்சான் தலையை ஆட்டிவிட்டார். எங்கள் பக்கம் தலையை ஆட்டினால் ஆட்டியதுதான்.

செய்தி வந்த அன்றைக்கு நிக்காஹ்வுக்கு ஒன்பது நாள் இருந்தது.

கூட்டம்

அன்று சாயங்காலமே ஆட்கள் வந்துவிட்டார்கள்.

முதலில் நாலு பைக். பிறகு ஒரு வேன். அதற்குப் பின்னால் ஐஸ் வண்டி. ஐஸ்காரருக்கு எப்படித்தான் தெரியுமோ, எங்கே கூட்டம் கூடப் போகிறதோ அங்கே கூட்டத்துக்கு முன்னால் நிற்பார். அவரை நிருபராகப் போட்டிருக்கலாம்.

ஒருவர் அது நாகரத்தினம் என்றார். ஒருவர் அது வானத்தில் இருந்து விழுந்தது என்றார். ஓர் ஆள் போனைத் தூக்கிப் பிடித்து "நண்பர்களே, இப்ப நான் எங்க இருக்கேன்னா" என்று ஆரம்பித்து, செடிக்கு நடுவில் நடந்தபடியே பேசியிருக்கிறார். பாத்தி எது, வரப்பு எது என்று அவருக்குத் தெரியாது. மொட்டு காலில் நசுங்கும் சத்தமும் கேட்காது.

மச்சான் எனக்குப் போன் பண்ணினார்.

"மாப்ள, ஒரு கெழவன் என் பூச்சி டப்புக்குச் சூடம் காட்டுறான்."

"காட்டட்டும் மச்சான்."

"அதுல மண்ணெண்ணெய் கிடக்கு மாப்ள!"

நல்லவேளை, காற்றில் சூடம் அணைந்துவிட்டது.

மறுநாள் மச்சான் விளக்கையே போடவில்லை. வெளிச்சம் இல்லாவிட்டால் ஆள் வர மாட்டார்கள் என்று நினைத்தார். வந்தார்கள். "அணைஞ்சிருச்சு, எங்க போச்சு" என்று டார்ச் அடித்துத் தேடினார்கள். முதல் நாள் ஒரு பாத்தி மிதிபட்டது. அன்றைக்கு மூன்று. விளக்கு இல்லாததால் அந்துவும் நிம்மதியாக வந்து போனது. காலையில் பார்த்தால் இலைக்கு அடியில் முட்டை.

மச்சான் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. தங்கச்சியிடம்தான் பேசினார். என்னைப் பார்க்கவில்லை.

"வெளக்குப் போட்டா மனுசன் வாரான். போடாட்டி அந்து வருது. நான் எதுக்குன்னு காவல் இருக்க? பாய்க்கு என்ன பதில் சொல்ல?"

மத்தியானம் ராஜேஸ்வரி எனக்குச் சோறு வைத்தாள். வெறும் சோறு.

"வெஞ்சனம் இல்லையா?"

"நான் அச்சத்துல இருக்கேன். அச்சத்துல இருக்கிறவ எப்படி வெஞ்சனம் வைப்பா?"

ரசமும் இல்லை. சாப்பிட்டேன்.

இல்லாததை எப்படிப் போடுவது

மறுநாள் காலை பேப்பர் போட்டு முடித்ததும் திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறினேன். ஆபீஸில் செய்தியைத் திருத்துகிற ஒரு சார் இருக்கிறார். நல்ல மனிதர். எப்போதும் ஒரு காதில் போன், ஒரு கையில் டீ.

"சார், அந்த நீல ஒளி. அது பூச்சி விளக்கு. மறுப்பு போடணும்."

"அப்படியா? போட்டாப் போச்சு. என்னன்னு போட?"

"அங்க பரபரப்பு இல்லைன்னு."

டீயைக் கீழே வைத்தார். "பரபரப்பு இல்லைங்கிறது செய்தியாய்யா? ஊர்ல தொண்ணூறு எடத்துல இல்ல. எல்லாத்தையும் போட முடியுமா?"

"நாம இருக்குன்னு போட்டோம்ல சார்."

"நாம போட்டப்ப இருந்துச்சா?"

"இல்ல."

"இப்ப இருக்கா?"

"இப்ப இருக்கு. ஐஸ் வண்டியே ரெண்டு வருது."

"அப்ப செய்தி சரியாத்தான்யா இருக்கு. ஒரு நாள் முன்னாடி போட்டுட்டோம், அம்புட்டுதான்." டீயை மறுபடி எடுத்துக்கொண்டார். "ஒண்ணு செய்யலாம். 'பரபரப்பு அடங்கியது'ன்னு போடலாம். அதுக்கு மொதல்ல கூட்டம் அடங்கணும். அடங்குனதும் சொல்லு."

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் தப்பு எங்கே என்று சட்டென்று பிடிபடவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் பிடிபட்டது. நாம் போட்டதால்தானே கூட்டமே வந்தது! இறங்கிப் போய்ச் சொல்ல முடியுமா? சின்னாளபட்டி தாண்டிவிட்டது.

என் கைப்பட ஒரு போஸ்டர்

பேப்பர் கட்டோடு தினமும் போஸ்டர் வரும். கடை முன்னால் கம்பியில் கிளிப் மாட்டித் தொங்கவிடுவேன். ஊரில் பாதிப் பேர் பேப்பர் வாங்குவதில்லை. போஸ்டரைப் படித்துவிட்டு, செய்தியைத் தாங்களே யோசித்துக்கொள்வார்கள்.

அன்றைய போஸ்டரைத் திருப்பினேன். பின்பக்கம் வெள்ளை. தடித்த பேனாவால் பெரிய எழுத்தில் எழுதினேன்.

"கண்மாய்க்கரை நீல ஒளி. அது வெறும் பூச்சி விளக்கு. பார்க்க ஒன்றும் இல்லை."

நானே என் கையால் எழுதிய முதல் போஸ்டர். பரபரப்பு இல்லாத போஸ்டர். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பத்து நிமிஷத்தில் ஆறு பேர் நின்றார்கள்.

"இன்னைக்குப் பேப்பர்ல வந்திருக்கா?"

"இல்லப்பா. நான் எழுதுனது."

"பேப்பர்ல வரலையா? ஏன் வரல?"

"ஒண்ணும் இல்லாததுனால."

"ஒண்ணும் இல்லாட்டி நீ ஏன் கைப்பட எழுதித் தொங்க விடுற? யாரோ எழுதச் சொல்லிருக்காக."

ஒரு பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு மறுபடி படித்தார். "மேல இருந்து உத்தரவு" என்றார். தலையை ஆட்டிக்கொண்டார். சுற்றி நின்றவர்களும் ஆட்டினார்கள்.

அன்று மாலை கூட்டம் இரண்டு மடங்கு. தாடிக்கொம்பில் இருந்தெல்லாம் ஆள் வந்ததாகச் சொன்னார்கள். தாடிக்கொம்புக் கோயிலில் பார்க்க எவ்வளவோ சிற்பம் இருக்கிறது. அதை விட்டுவிட்டு மச்சானின் டப்பைப் பார்க்க வந்திருக்கிறார்கள்.

போஸ்டரைக் கிழித்துப் போட்டேன். அதையும் ஒருவர் போட்டோ எடுத்தார்.

போய் நில்லு

ராஜேஸ்வரி மூன்று நாளுக்குப் பிறகு என்னிடம் பேசினாள். நீளமாக இல்லை.

"போயி நில்லுங்க."

"எங்க?"

"எங்க போகாம எழுதுனீங்களோ அங்க."

போனேன். தோட்டத்துக்கு ஒரே வழிதான். ரோட்டில் இருந்து வாய்க்காலைத் தாண்டி ஒரு சின்னப் பாதை. அதன் வாயில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். கையில் கம்பு. கொசுவுக்காகத் தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டேன். பின்னால் மச்சான் விளக்கைப் போட்டார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு சொம்புத் தண்ணீர் மட்டும் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அன்றுதான் அந்த விளக்கை முதன்முதலாகப் பார்த்தேன். டப்பு ஒன்றரை அடி. பல்பு என் கட்டைவிரல் அளவு. இதற்காகவா நான் மர்மம் என்று எழுதினேன்!

ஆட்கள் வந்தார்கள்.

"ஏலே அப்பு, வழிய விடு."

"பூச்சி வெளக்கு. போங்க."

"பூச்சி வெளக்குன்னா ஏன் நீலமா எரியுது?"

"கடையில அதான் இருந்துச்சு."

"செத்த நேரம் பாத்துட்டு வந்துர்றோம்ப்பா."

"செடி மிதிபடும்."

"மிதிக்காமப் போறோம்."

மிதிக்காமல் யாரும் போனதில்லை. நான் எழுந்து நின்றால் நாலு பேர் நிற்பார்கள். இரண்டு பேர் பக்கவாட்டில் வாய்க்காலைத் தாண்டிக் குதிப்பார்கள். அங்கே ஓடினால் இங்கே நுழைவார்கள். இரண்டு நாள் இப்படி ஓடினேன். இடுப்பு வலி காலுக்கு இறங்கிவிட்டது. மேலும் ஒரு பாத்தி போனது. பூச்சி மட்டும் டப்பில் நன்றாக விழுந்தது. அதுவரைக்கும் லாபம்.

நிக்காஹ்வுக்கு மூன்று நாள் இருந்தது.

மர்ம நபர்

மறுநாள் கட்டைப் பிரித்தேன். என்னிடம் நாலைந்து பேப்பரின் ஏஜென்சி உண்டு. அதில் இன்னொரு பேப்பரின் போஸ்டரை எடுத்துக் கம்பியில் மாட்டினேன். கிளிப்பும் போட்டாகிவிட்டது. அப்புறம்தான் படித்தேன்.

"நீல ஒளித் தோட்டத்தில் மர்ம நபர். பரபரப்பு."

உள்ளே செய்தி இருந்தது. தலையில் துண்டு போர்த்திய மர்ம நபர் ஒருவர் கையில் ஆயுதத்துடன் தோட்டத்தைக் காவல் காக்கிறாராம். யாருடனும் அதிகம் பேசுவதில்லையாம். இதனால் அப்பகுதியில் பெரும் பரபரப்பு ஏற்பட்டுள்ளதாம்.

கம்பு ஆயுதமாகிவிட்டது. அதிகம் பேசுவதில்லை என்பது மட்டும் உண்மை.

அந்தப் பேப்பருக்கு எங்கள் பக்கத்து நிருபர் செல்வம். என்னை விடச் சின்னவன். நல்ல பழக்கம். போன் போட்டேன்.

"ஏலே செல்வம், அந்த மர்ம நபர் நான்டா."

"அண்ணே, நீங்களா! சொல்லிருந்தா பேரையே போட்ருப்பேனேண்ணே."

"வந்து பாத்தியாடா?"

"பால் வண்டிக்காரரு சொன்னாருண்ணே."

"வந்து பாக்காம எப்படிடா எழுதுவ?"

அவன் மெதுவாகக் கேட்டான். "நீங்க மொதல்ல எழுதுனப்ப போயிப் பாத்தீகளாண்ணே?"

போனை வைத்துவிட்டேன். போஸ்டரைக் கழற்றலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். கழற்றவில்லை. அதை மாட்டுவதுதான் என் தொழில். வீடு வீடாகப் போய் அந்தப் பேப்பரையும் நானே போட்டேன். ஒரு வீட்டில், "யாருண்ணே அது, பயங்கரமான ஆளா இருப்பானோ?" என்று கேட்டார்கள். "தெரியல" என்றேன்.

துண்டை எடுக்காதே

சாயங்காலம் முக்காலியில் உட்கார்ந்தேன். முந்தின நாட்களை விடப் பெரிய கூட்டம். இன்றைக்கு மிச்சப் பாத்தியும் போச்சு என்று நினைத்தேன். கம்பை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

கூட்டம் பின்வாங்கியது.

எனக்கு முதலில் விளங்கவில்லை. ஓர் அடி முன்னால் வைத்தேன். அவர்கள் இரண்டு அடி பின்னால் போனார்கள். வாய்க்காலைத் தாண்டி ஒருவர்கூட வரவில்லை. எல்லோரும் ரோட்டிலேயே நின்றார்கள். விளக்கை யாரும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்கள்.

"நடக்குறாரு பாரு."

"வாயே தெறக்க மாட்டேங்குறாருப்பா."

"ஊமையா இருக்கும்."

"ஊமை இல்ல. நேத்து எங்க மாமாவ 'போங்க'ன்னிருக்காரு. அந்தக் குரலே ஒரு மாதிரி இருந்துச்சாம்."

அந்த மாமாவை எனக்குத் தெரியும். தினமும் அவர் வீட்டுக்குப் பேப்பர் போடுகிறவன் நான்.

துண்டை எடுத்துவிடலாம் என்று கை போனது. எடுத்தால் அடையாளம் தெரிந்துவிடும். நம்ம பேப்பர்காரரு என்று சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே உள்ளே வந்துவிடுவார்கள்.

பின்னால் செடிக்குள் இருந்து மச்சானின் குரல் வந்தது. ஒரு வாரத்தில் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

"மாப்ள. அப்படியே நில்லு. துண்ட எடுத்துராத."

நின்றேன்.

எனக்குத் தெரிந்த ஒரே வித்தை பேசாமல் இருப்பது. அதை இரண்டு சாயங்காலம் செய்தேன். கூட்டம் ரோட்டில். நான் பாதையில். பின்னால் விளக்கு பாட்டுக்கு எரிந்தது. அந்து பாட்டுக்கு விழுந்தது. மச்சான் பாத்திக்குப் பாத்தி குனிந்து, முட்டை இருந்த இலைகளைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு செடி மிதிபடவில்லை.

ஐஸ்காரர் மட்டும் ஒரு தடவை கிட்டே வந்தார். துண்டுக்குள் எட்டிப் பார்த்தார். "நீங்களாண்ணே?" என்றார். உதட்டில் விரல் வைத்தேன். ஒரு குச்சி ஐஸை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ரோட்டில் போய், "கிட்ட போகாதீக, கடிக்குறாரு" என்று சொல்லியிருக்கிறார். நிருபராகப் போட்டிருக்க வேண்டிய ஆள் என்று சும்மாவா சொன்னேன்?

மருந்து வாடை இல்லாத பூ

நிக்காஹ் அன்று விடிவதற்கு முன்னாலேயே பூ எடுத்தார்கள். ராஜேஸ்வரியும் போய் எடுத்தாள். நானும் எடுத்தேன். மொட்டைக் காம்போடு கிள்ள வேண்டும். எனக்கு வரவில்லை. "நீங்க போயி நில்லுங்க" என்றாள். இந்த முறை சிரித்துக்கொண்டே சொன்னாள்.

மச்சான் ஒப்புக்கொண்டதில் இரண்டு கூடை குறைந்தது. மிதிபட்ட பாத்திகளின் பூ. திண்டுக்கல்லில் மண்டபத்து வாசலில் கூடைகளை இறக்கியபோது மச்சான் தலை நிமிரவில்லை. "பாய், ரெண்டு கூடை கொறையுது" என்றார்.

காதர் பாய் ஒரு கை பூவை அள்ளினார். முகத்தருகே கொண்டுபோனார். கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தார். உள்ளே ஆள் அனுப்பி மகளை வரவழைத்து அவள் கையிலும் கொடுத்தார். அந்தப் பெண்ணும் முகர்ந்தாள். கொஞ்ச நேரம் எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றோம். இருமவில்லை. சிரித்தாள்.

"மாஷா அல்லாஹ். கொறைஞ்சா என்ன பெருமாளு? எல்லாரும் ஒரு கண்ணி கம்மியா வச்சுக்கிட்டாப் போச்சு" என்றார் பாய்.

மச்சான் அப்போதுதான் நிமிர்ந்தார். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வைதான் என்று நினைக்கிறேன். போய்ப் பார்க்கவில்லை.

சாப்பாட்டுக்கு உட்கார வைத்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் எதிரில் இருந்தார். வெளியூர்க்காரர். பாய் என் தோளில் கை வைத்தார். "சம்பந்தி, பேப்பர்ல பாத்திருப்பீகளே, நீல வெளிச்சம், மர்ம நபரு. அந்த மர்ம நபரு இவருதான்" என்றார்.

பந்தியில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். மச்சான் இலையைப் பார்த்துச் சிரித்தார்.

சம்பந்தி ஆர்வமாக முன்னால் சாய்ந்தார். பிரியாணியில் வைத்த கையை எடுத்துவிட்டார்.

"நெசமாவே அங்க பெரிய பரபரப்பாமே?"

யோசித்தேன். அந்த ஒரு தடவையாவது, நேரில் பார்த்ததைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"இல்லங்க. கொசு இருந்துச்சு."